நெற்றிக்காசு

விழுப்புரம் நாணயக் கழகத்தில் என்னைத் தவிர பெண் யாரும் கிடையாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் கூடுவோம். ஓய்வு பெற்ற வாத்தியார்கள், ரயில்வேயில் இருந்தவர்கள், சுகுமார் என்று ஒரு மருந்துக்கடைக்காரர். ஒருத்தர் ஆற்காடு நவாப் காசு சேர்ப்பார், ஒருத்தர் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன காசு. தலைவர் தட்சிணாமூர்த்தி சார் விக்டோரியா ராணியின் வெள்ளி ரூபாய் தவிர வேறெதையும் தொடமாட்டார்.

நான் சேர்ப்பது மலேயா. பிரிட்டிஷ்காரன் அந்த நாட்டுக்கென்று தனியாக அடித்த சென்ட் காசுகள் மட்டும். கல்லூரியில் வரலாறு படித்தபோது பிடித்த கிறுக்கு இது. நவாபின் காசு எங்கள் ஆட்கள் கைக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது. இது வந்தது. கப்பலேறிப் போய் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்குக் கூலியாக இதைத்தான் எண்ணிக் கொடுத்தான். எவன் கை பட்ட காசு என்று எனக்குத் தெரிந்த ஒரே காசு என்பதால் அதைச் சேர்த்தேன். இப்படித்தான் என்னிடமே நான் சொல்லிக்கொண்டேன்.

என் பெயர் கலைமதி. விழுப்புரத்தில் ஒரு தனியார் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, பெண்கள் விடுதியில் அறை. சொந்த ஊர் மயிலத்துக்குப் பக்கத்தில். ஊர் என்று சொல்வது வழக்கம். நாங்கள் இருப்பது ஊரில் இல்லை, ஊரைத் தாண்டின காலனியில். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எல்லாரும் பெருமைப்படு என்கிறார்கள். பட்டம் வாங்கினவள் முதலில் கற்றுக்கொண்டது, யாராவது எந்த ஊர் என்று கேட்டால் "மயிலம் சைடு" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளத்தான்.

கழகத்தில் சேர்ந்த மறுமாதம் டீயும் பஜ்ஜியும் வந்தபோது பேச்சும் வந்தது. உங்கள் குடும்பத்தில் யாராவது அங்கே இருந்தார்களா அம்மா என்று தட்சிணாமூர்த்தி சார் ஆசையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு முதல் ஆல்பம் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். கொள்ளுத்தாத்தா இருந்தார் என்றேன். அதுவே பொய். எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தர்கூடக் கடலைத் தாண்டினதில்லை.

சுகுமார் பஜ்ஜியின் எண்ணெயைத் தாளில் ஒற்றிக்கொண்டே சிரித்தார். "கூலியாவாம்மா போனாரு?"

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஸ்காலர்ஷிப் வாங்க யாரெல்லாம் எழுந்து நிற்க வேண்டும் என்று வாசிக்கும்போது பின்பெஞ்சிலிருந்து வரும் சிரிப்பு.

"இல்ல சார். கங்காணி," என்றேன்.

மேசை முழுக்க ஒரு மரியாதை பரவியது. ஓ, கங்காணியா. அவர்களுக்குக் கங்காணி என்றால் மேஸ்திரி, அதிகாரி, தொப்பி போட்டவர். எங்கள் தெருவில் அது வசவு. வேலை செய்யாமல் இடுப்பில் கைவைத்து நிற்கிறவனைப் பார்த்துக் கங்காணி மாதிரி நிக்காத என்பார்கள். ஊர் ஊராக வந்து தேன் வார்த்தை பேசிக் கப்பலேற்றினவன், அங்கே போனதும் பிரம்பெடுத்தவன், சம்பளத்தில் பாதியைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டவன். தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. வரலாறு படித்தவள் நான்.

சொன்ன பொய் அதோடு போயிருக்கும். இந்த வருஷம் திண்டிவனத்தில் கழகத்தின் கண்காட்சி என்று முடிவானது. அதில் "வீட்டு வழி வந்த காசு" என்று புதிதாக ஒரு பரிசுப் பிரிவு. கடையில் வாங்கினது கூடாது. குடும்பத்தில் இருந்த காசாக இருக்க வேண்டும், யார் எப்படிக் கொண்டுவந்தார் என்று அட்டையில் எழுதி வைக்க வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கங்காணிப் பேத்தி நான்தானே. என்னிடம் இருந்தது பூராவும் ஆன்லைனில் ஏலம் எடுத்தது.

எங்கள் தெருவில் மலேயாக் காசு ஒன்று இருந்தது. முனியம்மா அத்தை வீட்டில்.

மலேயாப் பகுதிக்கு வெள்ளைக்காரன் வைத்த ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்ற பெயர் பொறித்தது, ஒரு சென்ட், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. செம்பு நிறம், சதுரம், மூலைகள் மழுங்கினது, ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். விலையென்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அத்தையின் மாமனாருக்கு அப்பா சின்னக்கண்ணு ரப்பர் தோட்டத்திலிருந்து திரும்பியபோது மடியில் இருந்த ஒரே காசு அது. வந்த வாரமே அவருடைய அம்மா செத்துப்போனாள். பிணத்தின் நெற்றியில் வைக்க வீட்டில் வேறு காசில்லை. இதை வைத்தார். மற்ற இடங்களில் குழி வெட்டுகிறவர் நெற்றிக்காசை எடுத்துக்கொள்வார். சின்னக்கண்ணு குழியில் இறக்கும் நேரத்தில் கையை நீட்டி அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாராம். ஊரே திட்டியது. ஆனால் அடுத்த சாவுக்குத் தெரு அவர் வீட்டுக்கு வந்துதான் நின்றது. எல்லா வீட்டிலும் காசுக்கு அதே கதிதான்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் யார் போனாலும் நெற்றியில் அந்தச் சதுரக் காசுதான். ராஜாவின் முகம் கீழே, பிணத்தின் நெற்றியைப் பார்த்தபடி. சந்தனம் குழைத்து ஒட்டுவார்கள், குழியில் இறக்கும்முன் எடுத்து மஞ்சள் தண்ணீரில் கழுவுவார்கள், அத்தை வீட்டுக்குத் திரும்பிவிடும். என் அப்பா நெற்றியிலும் அது இருந்தது.

அத்தை என்றால் ரத்த உறவு இல்லை, தெரு முறைக்கு அத்தை. நான் போய்க் கேட்டபோது கல்லைப் பொறுக்கிக்கொண்டு கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். கண்காட்சியில் கண்ணாடிக்குள் வைப்போம், சின்னக்கண்ணு பெயரை எழுதி வைப்பேன் என்று விளக்கினேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் எடுத்துவந்தாள்.

"எம்மாமனாரு அப்பன் பேர எழுதி வெக்கிறேங்கற, வேணாம்னா சொல்லப்போறேன்? ஆனா ஒண்ணு கலை. தெருவுல யாருனா போய்ட்டா நீ எங்க இருந்தாலும் எடுத்துக்கினு ஓடியாந்துரணும். சாவு சொல்லிக்கினா வருது."

சரி என்றேன். தானும் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள் அத்தை என்றேன். வாய் கூசவில்லை.

விடுதி அறையில் அட்டை எழுத உட்கார்ந்தபோது கொஞ்சம் கூசியது. சின்னக்கண்ணுவின் பெயரைப் போட வேண்டும், அது கொடுத்த வாக்கு. அவர் என் கொள்ளுத்தாத்தா, கங்காணி. அது கழகத்துக்குச் சொன்னது. இரண்டையும் ஒரே வரியில் அடக்கினேன். "மலேயா ரப்பர் தோட்டத்தில் கங்காணியாகப் பணியாற்றிய என் கொள்ளுத்தாத்தா சின்னக்கண்ணு கொண்டுவந்த நாணயம்." கையெழுத்து அழகாக வந்தது. பெயரைத்தான் போட்டுவிட்டேனே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தூங்கினேன்.

கண்காட்சி திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். காலையிலேயே போய் என் கண்ணாடிச் சட்டத்தை மேசையில் நிறுத்தினேன். கண்ணாடிக்குப் பூட்டுகூட இல்லை. நான்கு கிளிப், நானே மாட்டினது. தட்சிணாமூர்த்தி சார் பூதக்கண்ணாடியோடு வந்து சதுரக் காசின்மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. செம்பின்மேல் இப்படி ஒரு பொன்னிறம் ஏறி நான் பார்த்ததே இல்லை அம்மா, யாரும் தேய்த்துக் கெடுக்காமல் விட்டிருக்கிறீர்களே என்றார். இயற்கையாக ஏறின நிறத்துக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மதிப்பு உண்டு. எங்கள் தெருவில் செத்தவர்களின் சந்தனமும் மஞ்சளும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சிரித்தேன்.

அம்மாவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. கண்காட்சியைப் பார்க்க அத்தையைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்கத்தான் அடிக்கிறாள் என்று நினைத்தேன். கட் செய்தேன். மறுபடி வந்தது. சத்தத்தை நிறுத்திப் பைக்குள் போட்டேன்.

மதியம் நடுவர்கள் பக்கத்து வரிசைக்கு வந்த நேரத்தில் வாசல் பக்கம் முனியம்மா அத்தை தெரிந்தாள். கட்டின புடவையோடு வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. தலை காற்றில் கலைந்திருந்தது. பின்னாலேயே அவள் மகன் தென்னரசு. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். பத்தாவது வரை என்னோடு ஒரே வகுப்பு. காக்கிச் சட்டையைக் கழற்றாமல் வந்திருந்தான். உண்மையைச் சொல்கிறேன், என் மனசில் முதலில் வந்தது எதற்கு வந்தார்கள் என்பது இல்லை. அத்தை சத்தமாகப் பேசிவிடக் கூடாதே என்பதுதான்.

அவள் மெதுவாகத்தான் பேசினாள். "கலை, முருகையன் போய்ட்டாரு. காத்தால. உங்கம்மா அடிச்சி அடிச்சிப் பாத்துச்சி, நீ எடுக்கல."

முருகையன் எங்கள் தெருக்காரர், டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படித்து எல்லாருக்கும் செய்தி சொல்லுகிறவர். எனக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அப்பாவோடு தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தவரும் அவர்தான். அப்பாவுக்கு அதிகாரி முன்னால் பேச வராது. இவர் பேசுவார். அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் எனக்குக் கல்லூரி இல்லை.

"வெளியாள வுடமாட்டாங்கன்னியாமே," என்றான் தென்னரசு. "வாசல்ல அனைவரும் வருகன்னு போட்டிருக்கான்."

அவன் என் சட்டத்தின் முன் குனிந்து அட்டையைப் படித்தான். படித்து முடித்த பிறகும் நிமிரவில்லை. அவன் கழுத்துப் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னா எழுதியிருக்குது?" என்று கேட்டாள் அத்தை.

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "தாத்தா பேருதாம்மா," என்றான். "சின்னக்கண்ணுன்னு எழுத்து தெளிவா இருக்குது."

அத்தை கண்ணாடிக்கு மேலே கையைக் கொண்டுபோனாள், தொடலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்துத் தட்சிணாமூர்த்தி சார் வந்தார். யாரம்மா இவர்கள் என்று என்னைக் கேட்டார், சொந்தக்காரர்கள் வந்திருந்தால் நாற்காலி போடச் சொல்லும் முகத்தோடு.

"ஊர்ல தெரிஞ்சவங்க, சார்."

அத்தையின் கை கண்ணாடி மேலிருந்து இறங்கியது. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். "ஆமாங்க, தெரிஞ்சவங்க," என்று அவருக்குச் சொன்னாள். அவளே அதை எனக்காக உறுதிசெய்து கொடுத்தாள்.

அவர் நகர்ந்ததும் தென்னரசு அவசரப்படுத்தினான். சாயங்காலம் நாலு மணிக்குத் தூக்குகிறார்கள், கண்ணாடியைத் திறந்து எடுத்துக் கொடு, ஜல்தியாகக் கிளம்ப வேண்டும் என்றான். நடுவர்கள் பக்கத்து மேசைக்கு வந்துவிட்டார்கள், பார்த்துவிட்டால் உடனே கொடுத்துவிடுவேன் என்றேன். எவ்வளவு நேரம் என்றான். இதோ, கொஞ்ச நேரம் என்றேன். நான்கு கிளிப். என் விரல் ஒன்றின்மேல்தான் இருந்தது. அதை நெம்பியிருந்தால் ஏன் எடுக்கிறாய் என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவுதான் காரணம், வேறு எந்தக் காரணமும் இல்லை.

"நாங்க ஆட்டோல குந்திக்கினு இருக்கோம்," என்றாள் அத்தை. "இங்க நின்னா உனக்குப் பேஜாரு."

அவர்கள் போனதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

நடுவர்கள் வந்தார்கள். சாவகாசமாகப் பார்த்தார்கள். அதில் ஒருவர் அந்த நிறத்தைக் காட்டி, எதில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். சந்தனப் பெட்டியில் சார் என்றேன். அதில் சந்தனம் மட்டும் உண்மை. அவர்கள் அடுத்த மேசைக்குப் போனார்கள். அப்போதே எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். முடிவை இப்போது அறிவித்துவிடுவார்கள், யாரும் சட்டத்தைக் கலைக்க வேண்டாம் என்று மைக்கில் சொன்னார்கள். நின்றேன். வீட்டு வழி வந்த காசுப் பிரிவில் எனக்கு இரண்டாம் பரிசு. கங்காணிக் குடும்பத்துப் பெண் என்று மைக்கில் சொன்னார்கள். கைதட்டினார்கள். போட்டோவுக்கும் நின்றேன்.

கிளிப்பைப் பிய்த்துக் காசை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஆட்டோ இல்லை. வாசலில் பூ விற்கிறவளைக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தம்மா ரொம்ப நேரம் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அந்தப் பையன்தான் போதும் வா என்று வண்டியை எடுத்தான் என்றாள்.

பைக்குள்ளிருந்து போனை எடுத்துத் தென்னரசுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. பஸ்ஸைப் பிடித்து, மயிலத்தில் இறங்கி, அங்கிருந்து எங்கள் பக்கம் போகிற ஒரு பைக்காரரிடம் கெஞ்சி ஏறிக்கொண்டேன். தெருவுக்குள் நுழையும்போது மேளச் சத்தம் இல்லை. அதிலேயே தெரிந்துவிட்டது. சாமந்தி இதழ்கள் சுடுகாட்டுப் பாதை வரை சிதறிக் கிடந்தன. முருகையன் வீட்டு வாசலில் பாடை கட்டின பச்சை மூங்கிலின் துண்டுகள், தண்ணீர் ஊற்றிக் கழுவின ஈரம்.

பெண்கள் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டுக்குப் போனவர்கள் தலையோடு குளிக்காமல் தங்கள் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. அம்மா ஈரத் தலையோடு நின்றாள். என்னைப் பார்த்தாள், முடியைப் பிழிந்து உதறினாள். சுடுகாட்டிலிருந்து திரும்பின ஆண்களோடு தென்னரசு ஈர லுங்கியில் ஓரமாக நின்றிருந்தான். அவனிடம்தான் கேட்டேன், என்ன வைத்தீர்கள் என்று.

"பத்து ரூபா," என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முனியம்மா அத்தை இடுப்பில் ஈரப் புடவையைச் செருகிக்கொண்டு குடத்துக்குக் குழாயைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் காசை நீட்டினேன். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது, கண்காட்சி எண் ஒட்டியிருந்தது. உறையைக் கிழித்து வெறும் காசாக நீட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"அத்தை, தென்னரசு சொன்னானா?"

"அவன் எதுக்குச் சொல்றான். உங்க தலைவரு சொன்னாரு. ஆட்டோகிட்ட வந்து ரெண்டு டீ வாங்கிக் குடுத்தாரு, நல்ல மனுசன். கலைமதியோட தாத்தன் கங்காணியா இருந்தாராமே, சின்னக்கண்ணுன்னு, உங்களுக்குத் தெரியுமாம்மான்னாரு."

குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடினாள்.

"தெரியும்னேன். வேற என்னா சொல்லச் சொல்ற?"

குழாயடியில் இருந்த எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட என்னைத் திட்டவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொள்வதை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். நான் அழப் பார்த்தேன். அழுகைக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. நீங்கள் அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்ததில்லை, கூலியாவா என்று ஒருத்தன் சிரிப்பதைக் கேட்டதில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே தெரிந்தது. அவர்கள் கேட்காத சிரிப்பா.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான்," என்றாள் அத்தை. "எம்மாமனாரு அப்பன் முதுவுல கங்காணி போட்ட தழும்பு சாவற வரைக்கும் இருந்திச்சாம். செத்தன்னிக்கு அந்த முதுவுக்கு எண்ண வெச்சிக் குளிப்பாட்டினது எம்மாமியாரு. அது சொல்லிச் சொல்லி அழுவும். அந்தாளப் போயி கங்காணி ஆக்கிட்டியே கலை."

"மாத்தி எழுதிடறேன் அத்தை. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"சொல்லு, சொல்லாத. அது உம்பாடு. காச நீயே வெச்சிக்க. கங்காணி வூட்டுக் காச எங்க தெருவுல எந்த நெத்தியிலயும் வெக்கமாட்டோம்."

நீட்டின கையை நான் எப்போது மடக்கினேன் என்று நினைவில்லை. அத்தை குடத்தை இடுப்பில் ஏற்றினாள். பெண்கள் மறுபடியும் தலைக்கு ஊற்றத் தொடங்கினார்கள். அம்மா கையைப் பிடித்து இழுப்பாள் என்று பார்த்தேன். அவள் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டாள். எனக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, அண்டாவில் மிதந்த சொம்பை எடுத்து மொண்டேன்.

"நீ எதுக்குக் குளிக்கற?" என்றாள் அத்தை, திரும்பிப் பார்க்காமல். "நீ சாவுக்கு வரலியே. அப்படியே வூட்டுக்குள்ள போலாம்."

சொம்புத் தண்ணீரை மறுபடி அண்டாவிலேயே ஊற்றினேன். தெரு முழுக்க ஈரக்கால் தடங்கள். அவற்றின் மேலேயே நடந்து, காய்ந்த தலையோடு எங்கள் வீட்டு வாசற்படி ஏறினேன்.